காவல் நிலையத்துக் கேமராவை யார் பார்ப்பது?

(களமருதூரில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கடை வைத்திருப்பவர்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் கடை வாசலில் கேமரா இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். காவல்துறை அதிகாரிகள் வணிகர்களைக் கூப்பிட்டு, 'ஒரு கேமராவைத் தெருவைப் பார்த்து மாட்டுங்கள், திருட்டுப் போனால் கண்டுபிடிக்க உதவும்' என்றார்கள். சென்னையில் 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்துப் பரவிய அந்தப் பழக்கம் இன்று சிற்றூர்க் கடைத்தெரு வரை வந்துவிட்டது. நாமும் மறுக்கவில்லை. சொந்தக் காசில் வாங்கி மாட்டினோம். நல்ல காரியம்தான். தெருவைப் பார்க்கும் கண்ணை நாம் கொடுத்தோம். காவல் நிலையத்துக்கு உள்ளே இருக்கும் கேமராவை யார் பார்ப்பது?

குதர்க்கமாகக் கேட்கவில்லை. இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றமே விடை சொல்லியிருக்கிறது. அந்த விடையில் உங்கள் வாக்கால் உருவான ஒரு நாற்காலியும் இருக்கிறது. அந்த நாற்காலியைப் பற்றிப் பேசத்தான் இங்கே நிற்கிறேன்.

சாத்தான்குளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம். கடையை நேரம் கடந்து திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி வியாபாரி ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். 'அப்பாவை ஏன் பிடித்தீர்கள்?' என்று கேட்கப் போன மகன் பென்னிக்ஸும் வீடு திரும்பவில்லை. மூன்று நான்கு நாட்களில் இரண்டு பேரும் மையித்தாக வந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவருக்கே அந்த நிலையத்தில் மரியாதை இல்லை. கடைசியில் ஒரு காவல் நிலையத்தை வருவாய்த் துறை அதிகாரிகளின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று! அங்கே கேமரா இல்லாமல் இல்லை. பதிவு செய்யும் பெட்டியில் இடமும் தாராளமாக இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிந்து போகும்படி அதை அமைத்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து வாய் திறந்தார். அவரும் திறந்திருக்காவிட்டால்?

நினைத்துப் பாருங்கள் வணிகர்களே! உங்கள் கடைக் கேமராவில் ஒரு மாதப் பதிவு இருக்கிறது. அங்கே ஒரு நாள் பதிவு இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பஞ்சாபிலிருந்து வந்த பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும். வாசல், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம் என்று எந்த இடமும் விடுபடக் கூடாது. படத்தோடு குரலும் பதிவாக வேண்டும். பதினெட்டு மாதம், அதற்கு வழியில்லை என்றால் குறைந்தது ஓராண்டு, பதிவு அழியாமல் இருக்க வேண்டும். இங்கே கேமரா இருக்கிறது என்று மக்கள் மொழியில் அறிவிப்பும் வைக்க வேண்டும்.

இதுவரை பலருக்குத் தெரியும். தெரியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. கேமரா வேலை செய்கிறதா, பதிவு இருக்கிறதா, அதில் யாரும் புகார் செய்யாத மனித உரிமை மீறல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க மாவட்டந்தோறும் ஒரு மேற்பார்வைக் குழு வேண்டும் என்றது நீதிமன்றம். மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அதில் இருப்பார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. அவர்களோடு மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் இருக்க வேண்டும். நகரமானால் மேயர், ஊரகமானால் மாவட்ட ஊராட்சித் தலைவர்!

இந்த வரியை அலட்சியமாகக் கடந்து போகாதீர்கள். நம் நாட்டில் காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. ஊராட்சித் தலைவரோ வார்டு கவுன்சிலரோ ஒரு காவலரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க முடியாது. தெரு விளக்கு எரியவில்லை என்றால் கேட்கலாம், சாக்கடை அடைத்தால் கேட்கலாம். ராத்திரி ரோந்து ஏன் வரவில்லை என்று கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை. இப்படி இருக்கிற அமைப்பில் உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் காவல் நிலையத்தின் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது.

நம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. நான்கு சீட்டுகள் கொடுத்தார்கள். ஊராட்சித் தலைவருக்கான சீட்டில் எத்தனை பரபரப்பு! வீடு வீடாக ஆள் வந்தது. மாவட்ட ஊராட்சிக் குழு உறுப்பினருக்கான மஞ்சள் சீட்டில் யார் பெயருக்கு நேரே முத்திரை குத்தினோம் என்று இப்போது கேட்டால் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. அந்த மஞ்சள் சீட்டில் ஜெயித்தவர்கள் கூடித்தான் மாவட்ட ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இனி அந்தச் சீட்டைக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்தக் குழுவைப் பற்றி அவரிடம் கேளுங்கள். குழு எத்தனை முறை கூடியது? எந்தெந்த நிலையத்தில் கேமரா பழுது? எத்தனை நாளில் சரி செய்தார்கள்?

தீர்ப்பு வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2025 செப்டம்பரில் காவல் நிலையக் கேமராக்கள் வேலை செய்வதில்லை என்ற செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றமே மறுபடியும் தானாக வழக்கு எடுத்தது. அதற்கு முன் ஜூன் மாதம், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை விசாரணை என்று கொண்டு போனவர்கள் காவல் நிலையத்துக்குக் கொண்டு போகவில்லை. கேமரா இல்லாத இடத்தில் வைத்து அடித்தார்கள். அவர் இறந்த பிறகு வெளியே வந்த காட்சி யாரோ ஒருவர் மறைவில் நின்று கைப்பேசியில் எடுத்தது.

சரி, இது அத்துமீறும் காவல். கடமையைச் செய்யாத காவலும் ஒன்று உண்டு. அதைக் காண நாம் தூரம் போக வேண்டாம். கள்ளக்குறிச்சி கருணாபுரம் போதும்.

2024 ஜூன். மெத்தனால் கலந்த சாராயம். அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போகும் தலித் மக்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பந்தல் போட்டார்கள். அந்த இடத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே நடந்து போகிற தூரம்தான். உடனே எல்லோரும் கல்வராயன் மலையைக் காட்டினார்கள். மலையில் ஊறல் போடுவது உண்மை. ஆனால் மெத்தனால் மலையில் காய்ச்சுகிற பொருளா? அது தொழிற்சாலை இரசாயனம். லாரியிலும் வண்டியிலும் தார்ச் சாலை வழியாகத்தான் வந்தாக வேண்டும். சாலையில் சோதனைச் சாவடி இருக்கிறது அல்லவா? அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில் பக்கத்து மாவட்டத்து மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இதே மெத்தனாலுக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். ஓராண்டு எச்சரிக்கை வீணாயிற்று. ஆட்சியரை மாற்றினார்கள், கண்காணிப்பாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது.

பாக்கெட் சாராயம் எந்த வீட்டில் விற்கிறது என்பது அந்தத் தெருவில் கூலி வேலைக்குப் போகிற பெண்களுக்குத் தெரியும். அவர்கள் எழுந்து நின்று கேட்க, கேட்டது பதிவாக, பதிவானதற்கு அதிகாரி பதில் சொல்ல ஓர் இடம் வேண்டும். இறந்தவர்கள் குடித்தவர்கள்தானே, நமக்கு மது ஹராம், நமக்கென்ன என்று நம்மில் சிலர் பேசியது காதில் விழுந்தது. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. சாத்தான்குளத்துக்காரர்களும் நம் ஜமாஅத் இல்லை. ஆனாலும் அன்றைக்கு இரவு கடையடைக்கும்போது ஷட்டரை இழுத்த ஒவ்வொரு வியாபாரியின் கையும் நடுங்கியது, இல்லையா?

காவல்துறையின் மேல் புகார் சொல்ல அமைப்பு இருக்கிறதே என்பார்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் காவல் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013-இல் சட்டம் இயற்றியது. மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும் உறுப்பினர்கள்! மாமியார் மீது மாமியாரிடமே புகார் கொடுக்கிற மருமகளின் கதைதான் இது.

இனி பிவண்டிக்கு வருகிறேன். மும்பைக்குப் பக்கத்தில் விசைத்தறி ஓடும் ஊர். 1970-இலும் 1984-இலும் கலவரத்தில் எரிந்த ஊர். 1988-இல் சுரேஷ் கோப்டே என்ற அதிகாரி அங்கே துணை ஆணையராக வந்தார். பதற்றம் வந்த பிறகு தலைவர்களைக் கூட்டித் தேநீர் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் சமாதானக் கூட்டத்தை அவர் நம்பவில்லை. (நமக்கும் அந்தக் கூட்டம் தெரியும். விநாயகர் ஊர்வலத்துக்கு முன் அழைப்பு வரும். முத்தவல்லியும் இரண்டு பெரியவர்களும் போய் வருவார்கள். அடுத்த ஆண்டு வரை யாரும் யாரையும் பார்ப்பதில்லை.) கோப்டே முஹல்லா தோறும் இரு சமூகத்துச் சாதாரண மக்களையும், தறி ஓட்டுபவரையும் கடைக்காரரையும், ஒரே குழுவில் உட்கார வைத்தார். குழாயடிச் சண்டை, வாடகைத் தகராறு என்று சின்ன விஷயங்களுக்காக அவர்கள் அடிக்கடி கூடினார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை எரிந்தது. பிவண்டி எரியவில்லை. சகோதரர்களே, இதைப் போல நம் சமுதாயம் மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி வேறில்லை என்பேன்.

ஆனால் அது ஓர் அதிகாரியின் நல்ல மனம், சட்டமல்ல. அதிகாரிகள் மாறினார்கள். 2006 ஜூலையில் அதே பிவண்டியில், கப்ரஸ்தானுக்கு அருகில் காவல் நிலையம் கட்டுவது பற்றிய தகராறில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அன்றிரவு காவலர் இருவரையும் ஒரு கும்பல் கொன்றது. காவலருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. கேள்வி கேட்க இடமில்லாத ஊரில் கல்தான் பேசும், பிறகு துப்பாக்கி பேசும்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காவலரோடு சேர்ந்து சுற்றுவது வேறு, காவலைக் கண்காணிப்பது வேறு. 1993-இல் இராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள் குழு' நல்ல நோக்கத்தில் பிறந்ததுதான். சாத்தான்குளம் சம்பவத்தில் அந்தக் குழுவினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்து, 2020 ஜூலையில் அரசே அதற்குத் தடை போட்டது. லத்தி பிடிக்க ஆசைப்பட வேண்டாம். பேனா பிடியுங்கள்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றத்தைக் குறைக்கும் பொறுப்பை உள்ளாட்சி மன்றத்துக்கும் காவல்துறைக்கும் சேர்த்தே கொடுத்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம், அந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஆராய மன்றத்தில் ஒரு குழு வேண்டும் என்றது. நம் பக்கத்துக் கேரளத்தில் 2008-இல் ஜனமைத்ரி திட்டம் வந்தது. காவலர் வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். நம்மிடம் இருப்பது கிராம சபை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் ஆளுநர்களை ஹஜ் காலத்தில் வரவழைத்து, மக்கள் முன்னிலையில் நிறுத்தி, இவரால் பாதிக்கப்பட்டவர் உண்டா என்று கேட்ட வரலாற்றை அறிவீர்கள். தனி அறையில் கேட்கவில்லை, கூட்டத்தில் கேட்டார்கள். நம் பிள்ளை ஒருவனை விசாரணைக்குக் கொண்டு போனால் நாம் என்ன செய்கிறோம்? கட்சிக்காரரைத் தேடுகிறோம், தரகரைத் தேடுகிறோம், ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் புரட்டுகிறோம். காலையில் பிள்ளை வந்துவிடுகிறான். ஏன் கொண்டு போனார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே முடிந்து போகிறது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் இருப்பவர்களுக்கு 2022 நவம்பர் முதல் பகுதி சபை வந்திருக்கிறது. மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள் தொகை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 200 பேர் வர வேண்டும். அந்த 200 பேரில் நம் கடைத்தெரு எத்தனை பேர்? கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதியில் எழுந்து வருவதை விடுங்கள். தீர்மானம் காவல்துறையைக் கட்டுப்படுத்தாது என்று யாராவது சொல்வார்கள். சரிதான். ஆனால் பதிவேட்டில் ஏறிய கேள்வியைப் பின்னால் நீதிமன்றத்தில் காட்டலாம். கருணாபுரத்தில் சாராயம் விற்பது பற்றி முன்கூட்டியே ஒரு பக்கம் பதிவாகியிருந்தால், தெரியாது என்று ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

ஜமாஅத் மட்டும் தனியாகப் போகாதீர்கள். காலனித் தெருவிலிருந்தும், வணிகர் சங்கத்திலிருந்தும், மகளிர் குழுவிலிருந்தும் ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள். இரண்டே கேள்விகளை எழுதிக் கொடுங்கள். ஒன்று, நம் ஊராட்சி எல்லையில் சாராயம், கஞ்சா பற்றி வந்த புகார்கள் மீது என்ன நடவடிக்கை என்று காவல் நிலையத்திடம் எழுத்தில் பதில் பெற வேண்டும். இரண்டு, மாவட்டக் கேமரா மேற்பார்வைக் குழு கூடிய தேதிகளையும் எடுத்த முடிவுகளையும் மாவட்ட ஊராட்சித் தலைவர் தெரிவிக்க வேண்டும். அதே இரண்டாவது கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சபையில் கொடுக்கும் மனுவுக்கு இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் ஊராட்சி முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்.