நோயின் பெயரும் ஆளின் பெயரும்

(அக்டோபர் 10, உலக மனநல நாளையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு மனிதரைச் சந்திக்கிறோம். கெரசேனர் பகுதியில், ஊருக்கு வெளியே, கல்லறைகளுக்கு நடுவே அவர் குடியிருக்கிறார். ஊரார் அவரைச் சங்கிலியால் கட்டிப் பார்க்கிறார்கள். அவர் அதை உடைத்துக்கொண்டு ஓடுகிறார். இரவும் பகலும் கூச்சலிடுகிறார். கற்களால் தம்மையே காயப்படுத்திக்கொள்கிறார். படகிலிருந்து இறங்கிய இயேசு அங்கே பெயரைக் கேட்கிறார். கிடைத்த பதில், இலேகியோன். அது உரோமைப் படையில் பல ஆயிரம் வீரர் கொண்ட ஒரு பெரும் பிரிவின் பெயர். தாய் தகப்பன் அவருக்கு வைத்த பெயர் அதுவல்ல. அவரைப் பிடித்து வதைத்ததின் பெயர் அவருடைய சொந்தப் பெயரையே மூடிவிட்டது.

அவருக்கு இருந்தது இன்ன மனநோய் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊர் அவரை நடத்திய விதம் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுதான்.

சென்னைவாசிகளான நாம் மனநோய்க்கு வைத்திருந்த சொற்கள் எவை? ‘லூசு’ என்போம். இல்லையென்றால் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்போம். 1794-இல் தொடங்கி இன்றுவரை எத்தனையோ ஆயிரம் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துவரும் ஒரு மருத்துவமனையை, சினிமாவிலும் தெருவிலும் ஒரு கேலிச் சொல்லாக்கி வைத்தோம். அந்தக் கேலிக்குப் பயந்து வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! பூட்டி வைப்பதன் முடிவு என்ன என்பதை 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதை ஏதோ ஒரு சமயத்தாரின் குற்றம் என்று நாம் விலகி நிற்க முடியாது. எல்லாச் சமயத்தாரும் தங்கள் நோயாளிகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் தலங்கள் நம் நாட்டில் உண்டு.

இன்று நம் பிள்ளைகளின் வாயில் வேறு சொற்கள் வந்துவிட்டன. 2000-இல் டைடல் பார்க் திறந்த பிறகு தரமணியின் முகமே மாறிவிட்டது. வெளியூர்ப் பிள்ளைகள் விடுதிகளில் தங்கி, இரவுப் பணி முடித்து விடியலில் தூங்கப் போகிறார்கள். ‘எனக்கு டிப்ரஷன்’, ‘எனக்கு ஆங்ஸைட்டி’ என்று அவர்கள் சொல்லக் கேட்கிறோம். இந்தச் சொற்களைக் கற்றுக்கொடுத்தது கைப்பேசி.

இதில் நன்மை இருக்கிறது. அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். வெட்கத்தில் புதைந்து கிடந்த ஒன்று பேச்சுக்கு வந்திருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அந்தப் பேருந்துக்குள் திரை இருந்தது. திரையின் மறுபக்கம் மருத்துவர் இருந்தார். மருந்தும் அங்கேயே கிடைத்தது. 2022 அக்டோபர் 10 முதல் ‘டெலி மானஸ்’ சேவை நடக்கிறது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். திரையும் தொலைபேசியும் ஒரு மனிதரை இன்னொரு மனிதரிடம் கொண்டு சேர்க்கும்போது அவை அருளின் கருவிகளே.

ஆனால் திரை நம்மைத் தன்னிடமே நிறுத்திக்கொள்வதும் உண்டு. தூக்கம் வராத ஓர் இளைஞர் இரவு ஒரு மணிக்கு மனச்சோர்வு பற்றி ஒரு காணொளி பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதில் கூடுதல் நேரம் கண் நிற்கிறதோ, அதைப் போன்றதையே மேலும் காட்டும்படி அந்தச் செயலிகள் அமைக்கப்பட்டுள்ளன. விடிவதற்குள் அவர் இருபது காணொளிகள் பார்த்துவிடுகிறார். பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தமக்கு ஒரு நோயின் பெயரையும் சூட்டிக்கொள்கிறார். மருத்துவர்களிடமும் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. கடந்த இரண்டு வாரங்களாகத் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் உண்டா என்று அது கேட்கும். அது ஒரு சல்லடை மட்டுமே. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட அதே சோர்வைத் தரலாம். அதை மருத்துவர் பரிசோதித்துப் பிரித்தறிவார். திரைக்கு அது தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இலேசான மனவருத்தத்தைப் பற்றித் திரையில் அழகாகப் பேசுகிறோம். ஆனால் மனச்சிதைவு நோயுள்ள ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்றால், அதே கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கிறோம். சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்புகிறோம். கெரசேனர் ஊரின் சங்கிலியாவது ஒரு நாள் உடைந்தது. இந்தப் படம் அழியாது. அவர் குணமடைந்து வேலை தேடும் நாளிலும் அது அவருக்கு முன்னால் போய் நிற்கும். சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். தெருவில் நிற்பவருக்குச் சட்டத்தைத் தேட வேண்டியதில்லை. பிறரன்புக் கட்டளையே போதும்.

மூன்றாவது ஆபத்து, நம் பக்தியின் வழியாகவே வருகிறது. ‘மாத்திரையைத் தூக்கி எறியுங்கள், விசுவாசம் போதும்’ என்று சொல்லும் காணொளிகள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. திருச்சபை அப்படிக் கற்பிக்கவில்லை. உளநோய் வேறு, தீய ஆவியின் பிடி வேறு. உளநோய்க்குச் சிகிச்சை தருவது மருத்துவத்தின் வேலை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 1673-இல் தெளிவாகக் கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ், தாம் 42 வயதில் ஆறு மாதங்கள் வாரம் ஒருமுறை உளப்பகுப்பாய்வாளரிடம் சென்றதை 2017-இல் வெளிவந்த நேர்காணல் நூலில் மறைக்காமல் சொன்னார். செபம் செய்வோம், மாத்திரையையும் நேரத்துக்கு எடுத்துக்கொள்வோம். மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான். அந்தக் காணொளி நமக்கு வந்தால், நம்மோடு அது நின்றுபோகட்டும்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? பிள்ளை வந்து ‘எனக்கு டிப்ரஷன், அம்மா’ என்று சொன்னால், சிரிக்கவும் வேண்டாம், திரை சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை நாளாக இப்படி, தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிறகு கூடவே மருத்துவரிடம் போங்கள். பொது மருத்துவமனையிலும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்துக்கும் வெட்கமின்றிப் போகலாம்.

நம் அன்பியக் கூட்டங்களுக்கும் ஒரு பணி உண்டு. நீரிழிவு வந்தவர் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு நற்கருணை கொண்டுபோகிறோம். மனநோயாளி இருக்கும் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த வீட்டில் ஒரு தாய் பல ஆண்டுகளாகத் திருமண விழாவுக்கும் போகாமல், ஞாயிறு திருப்பலிக்கும் வரமுடியாமல் இருக்கலாம். இரண்டு மணி நேரம் அவர் பிள்ளையோடு நீங்கள் இருந்தால் அவர் திருப்பலிக்கு வந்து போவார். எந்தச் செயலியும் அவருக்கு இந்த உதவியைச் செய்யாது.

நற்செய்தியின் முடிவைப் பாருங்கள். ஊரார் வந்தபோது அந்த மனிதர் ஆடையணிந்து, அறிவுத் தெளிவோடு உட்கார்ந்திருந்தார். இயேசுவோடு போக அவர் விரும்பினார். இயேசுவோ அவரை அவருடைய வீட்டுக்கு, அவருடைய உறவினரிடம் அனுப்பினார். அங்கே யாரும் அவரை இலேகியோன் என்று அழைத்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். நோயின் பெயரை மருத்துவர் கண்டு சொல்லட்டும். ஆளின் பெயரைச் சொல்லி அழைப்பது நம் கடமை. இந்த வாரம் அப்படி ஒருவரையாவது பெயர் சொல்லி அழைப்போம்.

ஆண்டவரே, கல்லறைகளின் நடுவே நின்றவரைத் தேடிக் கடல் கடந்து சென்றவரே, எங்கள் தெருவில் இருப்பவரைத் தேடிச் செல்லும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.