கவ்வாத்தும் கட்டுடலும்

டயகமவிலே கவ்வாத்துக் காலம் வந்துவிட்டால் மலையின் தோற்றமே மாறிவிடும். நேற்று வரை இடுப்பளவு பசுமையாக நின்ற தேயிலைச் செடிகள், இன்று வெறுங் கவைகளாக நிற்கும். புதிதாகக் காண்பவர், செடியைக் கொன்றுவிட்டார்களே என்று இரங்கக்கூடும். தோட்டத்திலே பழகியவர் அவ்வாறு எண்ணமாட்டார். வேரிலே மாப்பொருள் போதிய அளவு சேர்ந்திருந்தாலன்றிக் கத்தி வைக்கலாகாது என்பது அவருக்குத் தெரியும். வேரிற் சேமிப்பில்லாத செடியைக் கடும் வறட்சியில் வெட்டினால் அது துளிர்க்காது; பட்டுப்போகும். ஆகவே, எவ்வளவு வெட்டலாம் என்பதன்று அங்குள்ள முதற் கேள்வி. வெட்டிய பின் துளிர்ப்பதற்கு எவ்வளவு பலம் எஞ்சியிருக்கும் என்பதே கேள்வி.

பளு தூக்கும் வாலிபர்களின் தேகத்திற்கும் இதே கேள்வி பொருந்தும். போட்டிகள் முடிந்து ஓய்வு வருகின்றபோது உடம்பிற் கொழுப்புச் சேர்வது இயல்பு. அடுத்த போட்டிக்கு முன் அதனைக் குறைத்துக்கொள்வதும் வழக்கம். ஏனெனில், பளுதூக்கற் போட்டியில் வீரர்கள் உடல் எடைப்படி வகுக்கப்படுகின்றனர். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒழுங்கின்படி ஆண்களுக்கு 60, 65, 71, 79 கிலோ என்றவாறு எட்டுப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. அவ்வொழுங்கில் 81 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு கிலோவை இறக்கினால் 79 கிலோப் பிரிவில் நிற்கலாம். இறக்காவிடில் 88 கிலோப் பிரிவிலே தம்மினும் பெரியவர்களோடு பொருத நேரும். ஆசை எழுவது இங்கேதான். ஆயினும், இறக்கிய இரண்டு கிலோவும் கொழுப்பா, அன்றித் தசையா என்பதிலேதான் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கின்றன.

மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானுவின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சிறுமியாய் இருந்தபோது, தமையனால் தூக்க இயலாத விறகுக் கட்டை வீடுவரை சுமந்து வந்தவர் அவர். மலையிலிருந்து விறகுக் கட்டும் கொழுந்துக் கூடையும் சுமந்து இறங்கும் நம் தோட்டத்துப் பெண்களுக்கு இக்கதை புதிதன்று. 2021ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் 49 கிலோப் பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2024இல் பாரிசில் அவர் தூக்கியது 199 கிலோ. வெண்கலம் பெற்ற தாய்லாந்து வீராங்கனை தூக்கியதோ 200 கிலோ. ஒரே ஒரு கிலோவில் பதக்கம் கைநழுவிற்று. பின்னர் 49 கிலோப் பிரிவே நீக்கப்பட்டது. அவர் 48 கிலோவுக்கு இறங்கவேண்டியதாயிற்று. 2025 அக்டோபரில், நோர்வே நாட்டில் நடைபெற்ற உலகப் போட்டியில், அந்தக் குறைந்த எடையில் நின்றும் அதே 199 கிலோவைத் தூக்கி வெள்ளி வென்றார். உடம்பு இறங்கிற்று, பலம் இறங்கவில்லை. பாராட்டுக்குரியது இதுவே.

உடம்பை இறக்குவது அரிதன்று. உணவை நிறுத்தினால் எவரும் இளைப்பர். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்று உணவே கொடுத்துப் பரிசோதித்தனர். அவர்களது எடையில் ஏறக்குறைய காற்பங்கு குறைந்தது. கூடவே வலிமையும் பெரிதும் குன்றிற்று. பட்டினி கொழுப்பை மட்டும் தின்பதில்லை, தசையையும் தின்னும். இதற்கு மாறான சான்றும் உண்டு. நோர்வேயில் தேர்ந்த விளையாட்டு வீரர்களை இரு கூட்டமாகப் பிரித்துச் செய்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. இரு கூட்டத்தாரும் பளுப் பயிற்சியை விடாது செய்தனர். வாரத்திற்கு உடல் எடையில் சுமார் 0.7 விழுக்காடு வீதம் மெல்லக் குறைத்தவர்களுக்குக் கொழுப்புக் குறைந்ததோடு தசையும் சற்றுக் கூடிற்று. அதனினும் இரு மடங்கு விரைவாகக் குறைத்தவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை.

ஆதலின் முதல் விதி, நிதானம். 80 கிலோ எடையுள்ளவர் வாரத்திற்கு 400 முதல் 800 கிராம் வரை குறைப்பது போதும். எட்டு வாரங்களில் மூன்று முதல் ஆறு கிலோ வரை குறையும். அதன் பின்னர் நிறுத்திவிட வேண்டும். ஒரே செடியை ஆண்டு முழுவதும் கவ்வாத்துச் செய்வார் எவருமில்லை.

இரண்டாவது, காலம். போட்டி நெருங்கிய வாரங்கள் இதற்கு உரியனவல்ல. தோட்டத்தில் வேலை செய்துகொண்டே பயிலும் வாலிபர், கொழுந்து பெருகி வேலை மிகும் மாதங்களிலும் இதில் இறங்கலாகாது. நாள் முழுவதும் மலையேறிய உடம்புக்கு மாலையிற் சோறு வேண்டும்.

மூன்றாவது, உணவு. குறைக்கத் தக்கதை முதலில் காணவேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை சாயத் தேநீர் அருந்துகிறார் என்றும், கோப்பைக்கு இரு கரண்டி சீனி இடுகிறார் என்றும் கொள்வோம். அது 40 கிராம் சீனி. ஏறக்குறைய 160 கலோரி. இரண்டு மாதத்தில் அது ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கொழுப்பின் சக்திக்கு ஈடாகும். சீனியை விட்டால் தசைக்கு இழப்பில்லை. ஆனால் பருப்பையும் முட்டையையும் குறைத்தால் இழப்புண்டு. எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராமுக்குக் குறையாது புரதம் தேவை என்பர். 80 கிலோ உடையவருக்கு அது சுமார் 130 கிராம். வெறும் றொட்டியும் சம்பலும் இத்தேவையை நிறைவேற்றமாட்டா. பருப்பு, கடலை, பயறு, முட்டை, நெத்தலிக் கருவாடு, பால் ஆகியவை தட்டிலே கூடவேண்டும். இவற்றுக்குக் கையிலே வசதி இல்லாத மாதத்தில், எடை குறைக்கும் எண்ணத்தை ஒத்திவைப்பதே அறிவுடைமை.

நான்காவது, பயிற்சி. எடை குறைக்கும்போது பலர் பாரத்தைக் குறைத்து, தடவைகளைக் கூட்டி வியர்வை சிந்துகின்றனர். இது தலைகீழான முறை. பாரத்தைக் குறைக்கலாகாது, தடவைகளைக் குறைக்கலாம். கனத்த பாரத்தைச் சில முறையேனும் தூக்கிக்கொண்டிருந்தால், தசை இன்னும் தேவைப்படுகிறது என்பதை உடம்பு உணரும். வாரந்தோறும் தூக்கிய பாரத்தையும் உடல் எடையையும் ஒரு கொப்பியில் அருகருகே எழுதி வரலாம். உடல் எடை இறங்கப் பாரம் நிலைத்து நின்றால் வழி சரி. இரண்டும் சேர்ந்து இறங்கினால், அன்றே உணவைக் கூட்டவேண்டும்.

போட்டிக்கு முதல் நாள் நீரை விட்டு, வியர்த்து எடையைக் கழிப்பது முற்றிலும் வேறு. அதிலே குறைவது கொழுப்பன்று, நீர். பளுதூக்கலில் எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னர்; இழந்த நீரை மீட்க அவகாசம் சொற்பம். மல்யுத்தத்திலே, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், வினேஷ் போகாட் இரவெல்லாம் முயன்றும் 100 கிராம் மிகுந்திருந்தமையால் இறுதிப் போட்டியை இழந்தார். கடைசி இரவின் முயற்சி எத்துணை நிச்சயமற்றது என்பதற்கு அதுவே போதிய பாடம்.

இவற்றையெல்லாம் மேற்கொள்ளத் தகாதவர்களும் உண்டு. வளரும் பருவத்துச் சிறுவர் சிறுமியர், இரத்தச்சோகை உள்ளவர்கள், ஏற்கெனவே மெலிந்தவர்கள் ஆகியோர் எடை குறைக்க முற்படலாகாது. மலையகத்துப் பிள்ளைகள் பலருக்கு வேண்டுவது குறைப்பு அன்று, நிறைவே. மெலிந்த மாணவன் ஒருவன் கீழ்ப்பிரிவில் நின்று ஒரு கேடயம் வாங்குவதைக் காட்டிலும், நன்றாக உண்டு வளர்ந்து மேற்பிரிவில் நின்று தோற்பது மேல். தோற்றவன் அடுத்த ஆண்டு வெல்லலாம். வளர்ச்சியை இழந்தவனுக்கு அந்த ஆண்டு திரும்பி வராது.

கவ்வாத்துச் செய்யும்போது, செடியில் ஓரிரு கிளைகளை இலையோடு விட்டுவைக்கும் வழக்கம் உண்டு. புதுத் துளிர் வரும்வரை அந்த இலைகளே செடியைக் காக்கும். தேகத்தைச் செதுக்க விரும்பும் வாலிபரும், எதை வெட்டுவது என்று எண்ணுமுன் எதை விட்டுவைப்பது என்று தீர்மானித்துக்கொள்வாராக.