பசுமை உழவுக்குக் கணக்கேடும் ஒரு கருவி

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

நஞ்சில்லா உழவு நல்லது என்பதை இங்கு நிறுவ வேண்டுவதில்லை. 2013-இல் மறையும்வரை ஊரூராய் நடந்து அதனை உணர்த்தினார் நம்மாழ்வார். 2018-இல் மறைந்த நெல் செயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளை மீட்டுத் தந்தார். விதையும் வழியும் இருந்தும், புதிதாய்ப் பண்ணை தொடங்கியோருட் சிலர் மூன்றாம் ஆண்டிலேயே நிலத்தை விற்றுவிட்டு நகர்க்குத் திரும்புவது ஏன்? கணக்குப் பாராமையே அவர்களைக் கவிழ்க்கின்றது.

செயற்கை உரத்தை நிறுத்திய நிலம் உடனே பழைய விளைச்சலைத் தருவதில்லை. இயற்கை வேளாண்மைச் சான்று பெறவோ, ஆண்டுப் பயிர்க்கு 2 ஆண்டும் பல்லாண்டுப் பயிர்க்கு 3 ஆண்டும் காத்திருத்தல் வேண்டும். விளைச்சல் குறையும் அவ்விடைக்காலத்தில் விலையும் கூடுவதில்லை. 20 மூட்டை விளைந்த நிலம் 15 மூட்டை தருவதாகக் கொள்வோம். பழைய வருவாய் வரவேண்டின், விலை மூன்றில் ஒரு பங்கு கூடவேண்டும். உரச்செலவு மிஞ்சும், களைபறிக்குங் கூலியோ கூடும். இவற்றை எழுதிப் பார்த்தவர் எத்துணைப் பேர்?

கணக்கிடாமற் பாய்ந்தால் நாடே இடறும். இலங்கை அரசு 2021-இல் செயற்கை உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தது. ஆண்டு முடியுமுன்பே அத்தடை நீக்கப்பட்டது. எனினும் அடுத்த பெரும்போக அறுவடையில் நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது. இடைக்காலத்தைக் கருதாத விரைவுக்கு உழவர் கொடுத்த விலை அது.

ஆகவே மூன்று செய்க. முதலாவது, நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்றாதீர்கள். ஒரு பகுதியில் தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து, மடக்கி உழுது மண்ணைத் தேற்றுங்கள். இரண்டாவது, மூன்றாண்டுக் குடும்பச் செலவுக்கு வழிகண்ட பின்னரே தொடங்குங்கள். வட்டிக்கு வாங்கி இறங்காதீர்கள். மூன்றாவது, தனித்து விற்காதீர்கள். 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழி, உழவர் 10 பேர் கூடினால் தமக்கெனக் குழுமம் அமைக்கலாம். பங்கு எத்துணையாயினும் ஒருவர்க்கு ஒரு வாக்கே. நெல்லை அரிசியாக்கியும் கடலையை எண்ணெயாக்கியும் விற்றால், தரகர்க்குப் போகும் ஊதியம் ஊரிலேயே நிற்கும்.

இழப்பையும் ஆக்கத்தையும் பின்வரும் ஊதியத்தையும் எண்ணித் தொடங்கச் சொன்னவர் திருவள்ளுவர். உழவன் பட்டினி கிடந்து காக்கும் மண் நெடுநாள் காக்கப்படாது. கலப்பையோடு கணக்கேட்டையும் கையிலெடுங்கள்! மண்ணும் வாழும், நீங்களும் வாழ்வீர்கள்.