கணக்கரின் கையொப்பம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி, வணிகவியல் பயின்ற இளைஞர்களுக்காக நடைபெற்ற அமர்வில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்குக் கணக்கரைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் எண்ணலாம். உரிமை உண்டு. பழந்தமிழில் ஆசிரியருக்குக் கணக்காயர் என்பது பெயர். நக்கீரரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார் எனப்பட்டார். நாலடியார் உள்ளிட்ட பதினெட்டு நூல்களின் தொகுதியைப் பதினெண்கீழ்க்கணக்கு என்கிறோம். எழுத்தாலாகிய நூலையும், எண்ணாலாகிய வரவு செலவையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் சுட்டினர். இரண்டிலும் எழுதியவனே எழுதியதற்குப் பொறுப்பாளி.

தேனி, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி ஆகிய ஊர்களிலிருந்து நேர்காணலுக்குச் செல்லும் பிள்ளைகளிடம் ஓர் அச்சத்தைக் காண்கிறேன். 'நாங்கள் சிற்றூரார், தமிழ்வழியில் பயின்றவர், சென்னைப் பிள்ளைகளோடு எவ்வாறு போட்டியிடுவது?' என்கின்றனர். சென்னைப் பிள்ளை பாடநூலில் மட்டும் படித்த வணிகம் உங்கள் தெருவிலேயே நடக்கிறது. அதை எடுத்துச் செல்லுங்கள்.

நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நம் போடிநாயக்கனூரிலும், மலைக்கு அப்பால் கேரளத்துப் புற்றடியிலும் நடைபெறுகிறது. கேரளத்தில் பதிவு பெற்ற ஒருவரிடம் போடி வணிகர் சரக்கு வாங்கித் தம் கிடங்கிற்குக் கொணர்ந்தால் எந்த வரி? மாநில எல்லை கடந்ததால் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி. அதையே மதுரைக் கடைக்கு விற்றால்? மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. இவ்விரு விடைகளையும் காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர், பெரிய நிறுவனத்தின் வரிப்பிரிவிலும் தடுமாற மாட்டார்.

இன்னொரு கணக்கு. கிலோ 1,960 ரூபாய் வீதம் 1,000 கிலோ ஏலக்காய் வாங்கினோம். அடக்கம் 19,60,000 ரூபாய். ஈரம் உலர்ந்து 20 கிலோ குறைந்தது. இது இயல்பான இழப்பு. எஞ்சிய 980 கிலோவே முழு விலையையும் சுமக்கும். கிலோவுக்கு அடக்கம் 2,000 ரூபாயாகும். அதன்பின் கூரை ஒழுகி 10 கிலோ கெட்டதென்றால், அது இயல்பற்ற இழப்பு. அந்த 20,000 ரூபாயை இருப்பின் விலையில் ஏற்றாமல் நட்டக் கணக்கில் எழுத வேண்டும். நேர்காணலில் இருப்பு மதிப்பீடு பற்றிக் கேட்டால், இலக்கணம் ஒப்புவிப்பதோடு நில்லாது இவ்வெடுத்துக்காட்டையும் சொல்லுங்கள். கேட்பவர் நிமிர்ந்து அமர்வார்.

தன்விவரக் குறிப்பில் 'கணக்குகளைக் கவனித்தேன்' என்று எழுதாதீர்கள். மாதம் எத்தனை பட்டியல்கள் பதிந்தீர்கள், மாதக் கணக்கை எத்தனை நாளில் முடித்தீர்கள், வங்கி இருப்பை யார் சரிபார்த்தார், டேலியில் எவ்வேலைகளைத் தனியே செய்வீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள். எண்ணால் வாழ விரும்புவோரின் குறிப்பில் எண் இல்லாதிருப்பது முறையன்று.

ஆங்கிலம் பற்றி ஒரு சொல். விடையை முதலில் தமிழில் தெளிந்துகொள்ளுங்கள். பிறகு சிறு சிறு ஆங்கிலத் தொடர்களாகச் சொல்லிப் பழகுங்கள். தெளிவற்ற கருத்தை எம்மொழியும் காப்பாற்றாது. தெரியாத வினாவுக்குத் 'தெரியாது. இன்ன சட்டத்தில் பார்த்துச் சொல்வேன்' என்பதே தகுந்த விடை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக, 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டை வழக்கு நீங்கி, வரி ஆண்டு என்ற ஒன்றே அதில் உண்டு. ஆகவே, பழைய குறிப்பேட்டை மட்டும் நம்பிச் செல்லாதீர்கள். முன்பு பணியாற்றிய இடத்தைப் பழித்தும் பேசாதீர்கள். நாளை தம்மையும் இவ்வாறே பேசுவார் என்று கேட்பவர் கருதுவார்.

இனி, மிகக் கடினமான வினாவுக்கு வருகிறேன். 'மார்ச் மாதச் செலவுப் பட்டியலை ஏப்ரலில் எழுதச் சொன்னால் என்ன செய்வீர்?' என்று கேட்கலாம். வேலை வேண்டும் என்ற நெருக்கடியில், 'முதலாளி சொன்னால் செய்வேன்' என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். 2009 ஜனவரி 7 அன்று, சத்யம் நிறுவனத்தின் தலைவர் தம் ஏடுகளில் காட்டிய 5,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட ரொக்க இருப்பு பொய்யென்று தாமே எழுதிக் கொடுத்தார். 2015இல் ஐதராபாத் தனி நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்த்த 10 பேரில், மேலிடத்தாரோடு நிறுவனத்தின் ஊழியர்களும் இருந்தனர். மேலிருப்பவர் சொன்னார் என்பது கீழிருப்பவரைக் காக்கவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனச் சட்டத்தின் கீழ்வரும் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் நாளோடு பதிவாக வேண்டும் என்பது விதி. அழித்தெழுதும் கை தன் தடத்தையும் எழுதிவிடுகிறது.

ஆகவே பணிவாகவும் உறுதியாகவும் விடை சொல்லுங்கள்: 'செலவு எந்த மாதத்துக்குரியதோ அந்த மாதத்தில் எழுதுவேன். பட்டியல் வரத் தாழ்ந்தால் ஒதுக்கீடு செய்வேன். மாறாகச் செய்யச் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேட்பேன்.' இவ்விடையால் ஒரு வேலை கை நழுவலாம். அதை மறைக்க மாட்டேன். வீட்டில் அடுப்பெரிய வேண்டிய நிலையில் அது பெரிய இழப்புதான். ஆயினும், அவ்விடையைப் பொறாத இடத்தில் சேர்ந்தால், பின்னர் இழப்பது வேலையோடு நில்லாது.

அஞ்சும் பெண்பிள்ளைகளுக்கும், அவர்களை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோர்க்கும் ஒரு வரலாறு. இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்கர் தமிழகத்தைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். 1907இல் பிறந்தவர், விடுதலைப் போரில் சிறை சென்றவர், 1933இல் கணக்காய்வுத் தேர்வில் தேறினார். சிறை சென்றோர் தணிக்கையாளராகப் பதிவு செய்ய இயலாதென்று அன்றைய விதி தடுத்தது. அவர் நீதிமன்றம் சென்று வென்று, 1937இல் சென்னையில் தனித்தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை, பட்டயக் கணக்கர் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் விளங்கினார். அவ்வம்மையாருக்கு இருந்த தடையோடு ஒப்பிட்டால், தேனியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பேருந்து அவ்வளவு பெரிய தடையன்று.

அவையிலுள்ள வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஓரிரு பிள்ளைகளையேனும் உங்கள் கணக்கறையில் மூன்று மாதம் அமர்த்திப் பழக்குங்கள். உண்மையான பேரேட்டையும், உண்மையான வங்கிச் சரிக்கட்டலையும் கண்ட பிள்ளை எந்த நேர்காணலிலும் தலைகுனியாது. புத்தகமும் உதவித்தொகையும் வழங்கும் இந்த அறக்கட்டளை, அப்பட்டியலில் இதனையும் சேர்க்க வேண்டுகிறேன்.

தம்பி தங்கையரே, நாளை காலையே ஒரு தாளை எடுத்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு கடையின் ஒரு மாத வரவு செலவை எழுதிப் பாருங்கள். நேர்காணலுக்கான முதற்பாடம் அதுவே.