தூத்துக்குடியிலிருந்து கொழும்பு எவ்வளவு தொலைவு?

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே உள்ள நேர்த்தொலைவு ஏறத்தாழ 280 கிலோமீட்டர்; தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வான்வழியே உள்ள தொலைவில் இது பாதியைச் சற்றே மிஞ்சும். உருண்டையான புவிப்பரப்பில் இரண்டு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியைப் 'பெருவட்டத் தொலைவு' என்று வானூர்தித் துறையினர் வழங்குவர் என்றாலும், பயணியின் நேரத்தை முடிவுசெய்வது அந்த வழியன்று, விமானம் உண்மையில் பறக்கும் வழியே ஆகும்.

தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு நேரடிச் சேவை இல்லாமையால், அங்கு விமானம் ஏறுபவர் வடக்கே சுமார் 530 கிலோமீட்டர் பறந்து சென்னையை அடைந்து, பின்னர் தெற்கே 645 கிலோமீட்டர் பறந்து கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்க வேண்டியிருக்கிறது; இது நேர்வழியைப் போல நான்கு மடங்குக்கும் மேல். வானில் கழிவது மூன்று மணி நேர அளவே எனினும், சென்னையில் காத்திருக்கும் நேரமும் அதனோடு சேர்கிறது. மதுரை விமான நிலையத்தை நாடுவோரும் முதலில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வடக்கே சாலைவழி சென்றாக வேண்டும்.

இக்கடற்கரையின் மக்களுக்கு அக்கரை இவ்வளவு தொலைவாக இருந்ததில்லை. சிப்பி விளையும் கடலடித் திட்டைப் 'பார்' என்றும், இரு கைகளையும் விரித்த நீளத்தைக் கொண்டு ஆழத்தை அளக்கும் அளவைப் 'பாகம்' என்றும் வழங்கிய முத்துக்குளிப்போர், நள்ளிரவில் நிலத்திலிருந்து வீசும் காற்றைப் பற்றிக்கொண்டு பாரை அடைந்து, பகலில் எழும் கடற்காற்றில் பாய்விரித்துக் கரை திரும்பினர். தொலைவு அவர்களுக்குக் காற்றின் கணக்காகவே இருந்தது. இலங்கைக் கரையில் சிலாவத்துறையில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் தூத்துக்குடி, கீழக்கரை ஊர்களின் குளிகாரர்களும் அங்கே சென்று மூழ்கினர் என்பதால், மன்னார் வளைகுடாவின் இரு கரைகளும் ஒரே தொழிற்களமாக விளங்கின எனலாம். இந்தியக் கரையில் 1961-க்குப்பின் பெரிய முத்துக்குளிப்பு நிகழாவிட்டாலும், சங்குகுளிப்பு இன்றும் தொடர்கிறது.

1876-இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியபின், சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் இங்கே நீராவிக் கப்பல் ஏறிக் கொழும்பு சென்றனர். 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை இலங்கைக்கு இதுவே தலைவாயில். இந்தக் கடல்வழியில் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்துக்கு எதிராகவே வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவுசெய்து, காலியா, லாவோ என்னும் கப்பல்களை ஓடவிட்டார். அவர் சிறை புகுந்ததற்கு இந்த முயற்சியும் ஒரு பெருங்காரணம். பின்னாளில், 2011 ஜூனில், ஸ்காட்டியா பிரின்ஸ் என்னும் பயணியர் கப்பல் இதே வழியில் ஓடத் தொடங்கியது. மாலையில் ஏறியவர் மறுநாள் கொழும்பில் இறங்கும் வாய்ப்பை அளித்த அச்சேவை, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே நின்றுபோனது பெரும் இழப்பு.

வாகைக்குளத்தில் 1,350 மீட்டர் அளவே இருந்த ஓடுபாதை சிறிய காற்றாடி விமானங்களுக்கு மட்டுமே இடம் தந்து வந்தது. அது இப்போது 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டிருப்பதால், பெரிய ஜெட் விமானம் இறங்குவதற்கு ஓடுபாதை தடையன்று. குடிவரவுச் சோதனைக்கும் சுங்கச் சோதனைக்கும் அங்கே வழிசெய்து, ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடிய கொழும்பு நேரடிச் சேவையைத் தொடங்குவது அரசும் விமான நிறுவனங்களும் இனியும் தள்ளிப்போடக் கூடாத கடமையாகும்.