ஊசி போடுறவருக்கு லைசென்ஸ் இருக்கா?

திருவொற்றியூர் தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்:



ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டுற நம்ம தம்பிகிட்ட வழிமறிச்சு லைசென்ஸ் கேக்குறாங்க. கம்பெனியில பாய்லர் பார்க்கிறவருக்கும் சர்டிபிகேட் வேணும். நம்ம பிள்ளைக்கு ஊசி போடுறவர்கிட்ட மட்டும் நாம எதையும் கேக்குறதில்ல. கேட்டா மரியாதைக் குறைவாம்!

2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள் தெளிவா சொல்லுது. மருத்துவக் கவுன்சில் தந்த பதிவு எண்ணை கிளினிக்கில் மாட்டி வைக்கணும். மருந்துச் சீட்டு, சர்டிபிகேட், பண ரசீது எல்லாத்துலயும் போடணும். பதிவே இல்லாம அலோபதி வைத்தியம் பார்த்தா, 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது தண்டனைக்குரிய குற்றம்.

டாக்டர்கள் மேல நமக்குப் பகை கிடையாது. பழைய வண்ணாரப்பேட்டையில 2 ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன் 2018ல மறைஞ்சப்போ கண் கலங்காதவங்க யாரு? 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர்ல அமோனியா கசிஞ்சு பெரியகுப்பம், சின்னகுப்பம் சனம் மூச்சுத் திணறி ஓடுச்சே, அன்னிக்கு நம்மைக் காப்பாத்தினதும் டாக்டர்களும் நர்சுகளும்தான். இப்படிப்பட்ட ஊர்ல வைத்தியம் தெரிஞ்சவர் எதிரே நிக்கிறாரா இல்லையாங்கிறது உசுர் விஷயம்.

சரி, பதிவு பெற்ற டாக்டரே கவனக்குறைவா இருந்தா? அரும்பாக்கத்துல இருக்கிற தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்ல புகார் கொடுக்கலாம். விசாரிச்சு, தப்பு உறுதியானா பதிவேட்டிலிருந்து அவர் பேரைக் கொஞ்ச காலத்துக்கோ நிரந்தரமாவோ நீக்கலாம். 6 மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும்னு விதி. ஆஸ்பத்திரி ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும், அதையும் எழுத்துல கேளுங்க. நஷ்டஈடு வேணும்னா நுகர்வோர் ஆணையம். அதுக்கு 1995லேயே உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துடுச்சு.

இப்போதான் கோபம் வர்ற இடம். கவுன்சில் முடிவு பிடிக்கலேன்னா, டாக்டர் டெல்லிக்கு அப்பீல் போகலாம்னு 2019 சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்லுது. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா? அந்தப் பிரிவுல அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல! 2002 விதியில பாதிக்கப்பட்ட யாரும் 60 நாளுக்குள்ள அப்பீல் போகலாம்னு இருந்துச்சு. புதுச் சட்டம் எழுதினவங்க டாக்டரை ஞாபகம் வெச்சாங்க, நோயாளியை விட்டுட்டாங்க. கையில பதிவேட்டை வெச்சிருக்கிற கவுன்சில் யாருக்காக இருக்கு?

30ஆம் பிரிவுல "நோயாளி, அவரது குடும்பத்தார்" என்ற சொற்களைச் சேர்க்கணும். நாம கேக்குறது அவ்வளவுதான். நம்ம எம்.பி. இதை நாடாளுமன்றத்துல எழுப்பணும்னு மனு எழுதி மேடைக்குப் பக்கத்துல வெச்சிருக்கோம். கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. நாளைக்கு கிளினிக் போறவங்க, சுவத்துல அந்த நம்பர் இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா, "டாக்டர், உங்க பதிவு எண் என்னங்க?"ன்னு மரியாதையாவே கேளுங்க.



#நோயாளிக்கும்_மேல்முறையீடு #வடசென்னை