கலாசாலை மாணாக்கரும் தேகாப்பியாசமும்
(நமது சங்கத்து மாணவர், மாணவியர் விடுதிகளின் ஆண்டு விழாவிற் செய்த சொற்பொழிவு)



சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பதை அறியாதார் இங்கு ஒருவருமிலர். ஆயினும் நம் மக்களைச் சர்வகலாசாலைக்கு அனுப்புங்கால் சித்திரத்தையே நினைந்து சுவரை மறந்துவிடுகின்றோம். பையன் பந்தாடினால் படிப்புக் கெட்டதென வருந்துகின்றோம். பெண்ணுக்கும் ஓடியாட ஓரிடம் வேண்டும் என்று எண்ணுவதேயில்லை.

இதில் நாமும் குற்றமுடையோமே. விடுதி நிர்வாகத்தை ஏற்ற முதல் வருஷத்தில், பரீட்சை நெருங்கியதென்று, இரு விடுதிகளுக்கும் நடுவேயுள்ள மைதானத்தைப் பூட்டச் செய்தோம். பூட்டிய மாலைகளில் பிள்ளைகள் புத்தகத்தை விரித்தாரில்லை. கட்டிலிற் படுத்துக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கண்டு நாணினோம்.

நிற்க. அமெரிக்க தேசத்து ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1916 முதல் 1950 வரை சேர்ந்து பயின்றவருள் 16,936 ஆடவரின் வாழ்க்கையைப் பாபென்பார்கர் என்னும் வைத்திய அறிஞரும் அவர்தம் கூட்டாளிகளும் ஆராய்ந்து, 1978-ஆம் ஆண்டில் முடிபு வெளியிட்டனர். கலாசாலையில் பந்தய வீரரெனப் பெயர் பெற்றுப் பின்னர் உட்கார்ந்தே காலங்கழித்தவரை அப்பழைய கீர்த்தி மாரடைப்பினின்றும் காக்கவில்லை. அக்காலத்தே வீரரெனப் பெயர் பெறாதிருந்தும், பிற்காலத்தில் நடத்தல், படியேறல், ஆடுதல் ஆகியவற்றைக் கைவிடாதவர்க்கோ அவ்வபாயம் குறைந்திருந்தது.

இதனால் விளங்குவது யாது? தேகபலம் பாங்கியில் இட்டுவைக்கும் வைப்புநிதியன்று. அன்றன்று உலையிலிடும் அரிசி போன்றது. ஆதலின் பதினொருவர் ஆடிக் கோப்பை பெற, ஏனையோர் கைதட்டி நிற்பது போதாது. ஒவ்வொருவரும் ஆயுள் முழுதும் விடாது கொள்ளத்தக்க பழக்கமே வேண்டும். வீட்டைப் பிரிந்து தம் நாளைத் தாமே வகுக்கத் தொடங்கும் இப்பருவமே அதற்கு உரிய காலம்.

அப்பழக்கம் அரிதுமன்று. 18 முதல் 64 வயதுடையோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பும், இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் கொள்ளவேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ஆம் ஆண்டில் கூறிற்று. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி வேகமாய் நடந்தால் 150 நிமிஷமாகும். இதனால் தூக்கம் செம்மையுறும், மனக்கவலை தணியும். ஐரோப்பியரினும் இளவயதிலேயே நீரிழிவு பற்றும் நம் தேசத்தார்க்கு இஃது இன்றியமையாதது.

இனி நம் விண்ணப்பம் ஒன்று. அம்மைதானத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாமென்ற யோசனை சங்கத்தின் முன் உள்ளது. அவ்வாடகை ஏழை மாணாக்கர்க்கு உதவிச் சம்பளமாகும் என்பது மெய்யே. அதனை நாம் எளிதாய் எண்ணவில்லை. ஆயினும் அச்சம்பளம் பெற்றுப் பயின்றவர் நாற்பது வயதில் நோயாளராயின் அக்குடும்பத்தை யார் தாங்குவர்? தெருமுகத்தில் மட்டும் சில கடைகள் அமையட்டும். மைதானம் மைதானமாகவே இருக்கட்டும். அதில் மாலைதோறும் ஒரு மணி நேரம் மாணவியர்க்கே உரியதாகுக.

அன்று நாம் பூட்டிய கதவின் சாவி இன்று நம்மிடம் இல்லை, மாணாக்கரிடமே கொடுத்துவிட்டோம். அதனை அவர்களிடமிருந்து மீட்டும் வாங்காதிருக்கும்படி பெரியோர்களை வேண்டி அமைகின்றோம்.